நிலாவைப் பார்த்து அறை எடுங்கள்: வெள்ளவத்தையிலிருந்து கொழும்பின் திருவிழாக்கள்

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தெஹிவளையிலும் இரண்டு மூன்று அறைகளைக் காலைச் சாப்பாட்டோடு வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய உண்டு. அறை கேட்டு அழைப்பவர்கள் ஏசி இருக்கிறதா, கடற்கரைக்கு எவ்வளவு தூரம் என்றுதான் விசாரிப்பார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நாங்கள் வருகிற நாட்களில் போயா, அதாவது பௌர்ணமி, விழுகிறதா?

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. வங்கி, அரசாங்க அலுவலகம் எல்லாம் பூட்டு. இறைச்சிக் கடை திறக்காது. மதுபானம் எங்கும் விற்க முடியாது, பெரிய ஹோட்டல்களிலும் இல்லை. வேலை நாளுக்கென்றே ஓடும் அலுவலக ரயில்கள் ஓடாது. இதெல்லாம் தெரியாமல் வருபவருக்கு அந்த நாள் வீணாகப் போகும். தெரிந்து வருபவருக்கோ அதுவே கொழும்பின் மிகச் சிறந்த நாள், ஏனென்றால் நகரத்தின் பெரிய விழாக்களில் பாதி நிலாவோடு கட்டுண்டவை. ஜனவரி போயாவை ஒட்டிக் களனி விகாரையின் பெரஹரா ஊர்வலம், பெப்ரவரியில் கங்காராமைப் பெரஹரா, மே மாதத்தில் புத்தரின் பிறப்பையும் ஞானத்தையும் மறைவையும் நினைக்கும் வெசாக், ஜூனில் பௌத்தம் இலங்கைக்கு வந்ததை நினைக்கும் பொசன். முருகனின் வேல் தேரில் உலா வரும் ஆடிவேலும் பௌர்ணமியைச் சுற்றியே வரும். ஆங்கிலத் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், "போன வருஷம் இந்தத் திகதியில்தானே நடந்தது" என்று டிக்கெட் போடுபவர்கள் விழாவைத் தவறவிடுகிறார்கள். போயா நாட்கள் அச்சிட்ட கலண்டர் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். முதலில் அதை வாங்குங்கள், பிறகு அறையைப் பதியுங்கள்.

வெசாக்

ஒரே ஒரு தடவைதான் கொழும்புக்கு வர முடியும் என்பவருக்கு நாங்கள் சொல்வது வெசாக்கைத்தான். போயா நாளும் மறுநாளும் விடுமுறை. பந்தல்களும் வெளிச்சக்கூடுகளும் அதற்குப் பிறகும் சில இரவுகள் எரியும். முதல் இரவு வீதியில் கால் வைக்க இடமிருக்காது. குழந்தைகளோடோ வயதானவர்களோடோ வருபவர்கள் மூன்றாம், நான்காம் இரவைத் தெரிவு செய்வது நல்லது. அலங்காரம் அதேதான், சனம் பாதிதான். ஆனால் தன்சல் எனும் இலவச உணவு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களோடு முடிந்துவிடும். அதற்காகவே வருபவர்கள் நெரிசலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நகரத்துக்குள் பார்க்க இரண்டு பக்கம் உண்டு: கங்காராமை விகாரையும் பேர வாவிக் கரையும் ஒரு பக்கம், பௌத்தாலோக மாவத்தை இன்னொரு பக்கம். வாவிக் கரையில் விளக்குகள் தண்ணீரில் விழுந்து இரட்டிப்பாகத் தெரிவதால் படம் எடுப்பவர்கள் அங்கேதான் போவார்கள். வெள்ளவத்தையிலிருந்து போக ரயில்தான் நல்லது. கரையோரப் பாதையில் கொம்பனித்தெரு நிலையத்தில் இறங்கினால் விகாரைக்கு நடந்துவிடலாம். ஓட்டோவில் போனால் போகும்போது பிரச்சினை இராது. திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சுற்றியுள்ள வீதிகள் அடைபட்டுவிடும், பிக்மீ செயலியில் அழைத்தாலும் வண்டி உங்களிடம் வந்துசேராது. காலி நகருக்குப் போகும் பெருந்தெருவான காலி வீதி வரை நடந்து வந்து பிடியுங்கள்.

பெரிய தோரணப் பந்தல்களைப் பார்க்க பொரளை, தெமட்டகொட, கிராண்ட்பாஸ், தொட்டலங்க, பேலியகொட பக்கம் போக வேண்டும். புத்தரின் முற்பிறவிக் கதை ஒன்றைக் கட்டம் கட்டமாகப் பலகைகளில் வரைந்து, சுற்றி ஆயிரக்கணக்கான நிற பல்புகளை ஓடவிட்டு, ஒலிபெருக்கியில் கதையைப் பாட்டாகச் சொல்வார்கள். பல்புகள் அலையலையாக ஓடுவதற்குப் பழைய நுட்பம் ஒன்று உண்டு. பந்தலுக்குப் பின்னால் ஒரு மர உருளை சுழலும், அதன் மேல் பதித்த உலோகத் தகடுகள் வரிசையாகக் கம்பிகளைத் தொட்டுத் தொட்டு மின்சாரத்தை மாற்றிவிடும். இப்போது இலத்திரனியல் வந்துவிட்டது. ஆனாலும் பின்பக்கம் ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பொறுப்பாக நிற்கும் பொடியன்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

தன்சல் என்பது வழிப்போக்கர் எவருக்கும் இலவசமாகக் கொடுக்கும் உணவு. சோறு கறி, கடலை, அவித்த மரவள்ளி, கொத்தமல்லித் தண்ணீர், ஐஸ்கிறீம் என்று ஒவ்வொரு சந்தியிலும் ஒன்று. மதம் கேட்பதில்லை, காசு வாங்குவதில்லை. வரிசையில் நின்று இரண்டு கையாலும் வாங்கினால் போதும். சோற்றுத் தன்சலில் மணித்தியாலக் கணக்கில் நிற்க வேண்டிவரும். கொத்தமல்லித் தண்ணீருக்கும் ஐஸ்கிறீமுக்கும் சில நிமிஷம்தான். வயிறு மெல்லியவர்கள் சுடச்சுடக் கொடுப்பதைத் தெரிவு செய்யுங்கள், ஐஸ் போட்ட குளிர்பானத்தைத் தவிருங்கள்.

வெசாக் வரும் காலம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் காலமும்கூட. மழை கொட்டினால் களனி கங்கையை ஒட்டிய தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் நிற்கும், பந்தல்களை அணைத்துவிடுவார்கள். அதனால் ஒரே ஒரு இரவுக்கு அறை எடுக்காதீர்கள். குறைந்தது மூன்று இரவு இருந்தால் ஒன்றாவது காய்ந்த இரவாக இருக்கும். குடையை விட மழைக்கோட்டு நல்லது. சனத்துக்குள் குடை விரித்தால் அடுத்தவர் கண்ணைத்தான் குத்தும்.

அறை விடும் வீட்டுக்காரர் வாசலில் ஒரு வெசாக் கூடு தொங்கவிட்டால் விருந்தினர் அதைக் கட்டாயம் படம் எடுப்பார்கள். கடையில் வாங்கலாம். ஆனால் அட்டபட்டம் என்கிற எண்பட்டைக் கூட்டை வீட்டிலேயே, விருந்தினரின் பிள்ளைகளோடு சேர்ந்து கட்டுவது ஒரு மாலை வேலை. மூங்கிலை மெல்லியதாகச் சீவி, ஒரே நீளத்தில் 24 குச்சி வெட்டுங்கள். 20 சென்ரிமீற்றர் வசதியான அளவு. நான்கு நான்காக நூலால் கட்டி ஆறு சதுரம் செய்யுங்கள். நான்கு சதுரங்களை வைரக்கட்டி போல மூலையில் நிறுத்தி, பக்க மூலையோடு பக்க மூலை சேர்த்து வளையமாகக் கட்டுங்கள். மேலே நீட்டி நிற்கும் நான்கு முனையையும் ஐந்தாவது சதுரத்தின் நான்கு மூலையோடும், கீழ் முனைகளை ஆறாவதோடும் கட்டினால் உருவம் வந்துவிடும். இடையில் தானாக எட்டு முக்கோணம் விழும். எட்டுப் பட்டை என்பது அதுதான்.

இங்கேதான் பெரும்பாலானவர்களுக்குப் பிழைக்கும். முக்கோணம் அசையாது, சதுரம் சாயும். கட்டி முடித்ததும் கூடு ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்பது அதனால்தான். மேல் சதுரத்துக்கும் கீழ் சதுரத்துக்கும் மூலைவிட்டமாக ஒரு குச்சி கொடுங்கள். 20 சென்ரிமீற்றர் சதுரத்துக்கு அது 28 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட வரும். மற்ற நான்கையும் கடதாசி ஒட்டும்போது நூலால் மூலைக்கு மூலை அளந்து நேராக்கிப் பிடித்தால், காய்ந்த பிறகு கடதாசியே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குச்சிகளில் ஒன்று அரை சென்ரிமீற்றர் நீளமாக இருந்தாலும் முறுக்கு வரும் என்பதால், வெட்டிய 24 குச்சிகளையும் கட்டாகப் பிடித்து மேசையில் தட்டிப் பாருங்கள், நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்குங்கள்.

பசைக்கு நான்கு மேசைக்கரண்டி கோதுமை மா, ஒரு கோப்பை தண்ணீர். கட்டி இல்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கண்ணாடி போல் வரும்வரை கிண்டினால் போதும். ஆறிய பிறகே பூச வேண்டும். சூட்டோடு பூசினால் டிஸ்யூ கடதாசி கிழியும். பசை குச்சியில்தான் படவேண்டும், கடதாசியில் படக்கூடாது. ஒட்டியது தொய்வாக இருந்தால் கழற்றாதீர்கள். விரலால் தண்ணீரைப் புகைபோலத் தெளித்துக் காயவிட்டால் மேளத்தோல் மாதிரி இறுகும். மேல் சதுரத்தை மூடக்கூடாது, சூடு வெளியேற வழி வேண்டும். மெழுகுதிரி காற்றடிக்கும் வெள்ளவத்தைக்குச் சரிவராது. 5 வோட்ஸ் எல்ஈடி பல்பைப் போட்டால் பயமில்லை. பல்பு ஹோல்டரின் வயர் இணைப்பை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிக் கூரைக்கு உள்ளே வையுங்கள், மழைத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடக்கூடாது.

வெசாக் காலையில் விருந்தினருக்குப் பாற்சோறு கொடுப்பது அழகு. ஆறு பேருக்கு அரைக் கிலோ வெள்ளைப் பச்சையரிசி, நான்கு கோப்பை தண்ணீர், ஒரு தேங்காயிலிருந்து பிழிந்த இரண்டு கோப்பை கட்டிப்பால், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீர் வற்றி அரிசி நன்றாகக் குழைந்த பிறகே உப்புக் கலந்த பாலை ஊற்றி, மெல்லிய நெருப்பில் பத்து நிமிஷம் கிண்ட வேண்டும். நெருப்பைக் கூட்டினால் பால் திரைந்து எண்ணெய் பிரியும். புழுங்கலரிசி ஒட்டாது, பாசுமதியும் ஒட்டாது. துண்டு போடும்போது உதிர்ந்தால் குற்றம் அரிசியுடையது. தட்டில் இரண்டு விரல் தடிப்புக்குக் கொட்டி, வாழையிலைத் துண்டால் அழுத்திச் சமப்படுத்தி, பத்து நிமிஷம் விட்டு வைர வடிவில் வெட்டுங்கள். பக்கத்தில் கட்டைச் சம்பல். இனிப்பு விரும்புபவருக்கு ஒரு துண்டுக் கருப்பட்டி.

ஆடிவேல்

ஆடிவேல் தமிழர்களின் விழா. ஆனால் அதைப் பார்க்கத் தெருவோரம் நிற்பவர்களில் எல்லா இனத்தவரும் உண்டு, கொழும்பின் பழைய அழகு அது. செட்டியார் தெருவிலுள்ள கதிரேசன் கோயில்களிலிருந்து வேல் தேரில் ஏறி, கோட்டை, காலி முகத்திடல், கொள்ளுப்பிட்டி வழியாகக் காலி வீதியில் பம்பலப்பிட்டிக்கு வரும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தொடங்கி வைத்த விழா. கதிர்காமத்துக்குப் போகமுடியாதவர்களுக்கு வேலே வீதிக்கு வருகிறது என்பதே அதன் கருத்து. சில நாள் பம்பலப்பிட்டியில் தங்கி மறுபடியும் செட்டியார் தெருவுக்குத் திரும்பும்.

காலையில் புறப்படும் தேர் வந்துசேர இரவாகிவிடும். நேரம் சொல்லுங்கள் என்று விருந்தினர் கேட்பார்கள். யாராலும் சொல்லமுடியாது. தேர் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் தட்டு நீட்டுபவர்கள் அத்தனை பேருக்கும் அர்ச்சனை முடிந்த பிறகுதான் நகரும். பம்பலப்பிட்டியில் காத்து நிற்பதை விட, பிற்பகலில் கொள்ளுப்பிட்டிப் பக்கம் போய்த் தேரை எதிர்கொள்ளுங்கள். வீதி அகலம், நடைபாதையில் நிழலும் உண்டு, பக்கத்திலிருந்தே வேலைப் பார்க்கலாம். அர்ச்சனைத் தட்டுக்குத் தேங்காய் ஒன்று, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ, கற்பூரம். வெள்ளவத்தைக் கடைகளில் முதல் நாளே வாங்கிவிடுங்கள். தேர் போகும் பாதையில் வாங்கினால் விலை கூட.

கவனிக்க வேண்டியது ஒன்று: தேருக்கு முன்னால் தேங்காய் உடைப்பார்கள். தார் வீதி முழுக்கச் சிரட்டைத் துண்டும் இளநீர் வழுக்கலும். வேண்டுதல் இல்லாதவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டாம், சிறுவர்களைத் தூக்கிக்கொள்ளுங்கள். அன்று காலி வீதியில் 100, 101 பஸ்கள் ஊர்ந்துதான் போகும். அவசரமென்றால் கரையோர ரயில் இருக்கிறது, அல்லது மரைன் டிரைவ் வழியாகப் போகும் ஓட்டோ.

பம்பலப்பிட்டியில் வேல் தங்கும் இரவுகளில் கோயிலைச் சுற்றிக் கடைகள் விரியும். கச்சான், காப்பு, பொம்மை, தும்பு முட்டாஸ். வெள்ளை நூல் நூலாக இருக்கும் அந்த முட்டாஸைக் கடதாசிச் சுருளில் வாங்கி, வாங்கிய இடத்திலேயே சாப்பிடவேண்டும். கடற்காற்று ஈரம் பட்டால் கால் மணித்தியாலத்தில் பிசுபிசுத்துக் கட்டியாகிவிடும். ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று பொதி கட்டாதீர்கள்.

இதே பருவத்தில்தான் காலி முகத்திடலில் பட்டம் நன்றாக ஏறும். தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஒரே சீராக வீசுவதே காரணம். 1859 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் உலாவுவதற்காக அமைத்த திடல் அது. இன்றும் மாலையானால் கொழும்பு அங்கேதான் மூச்சு வாங்குகிறது. நாலரைக்குப் போய், பட்டம் விட்டு, சூரியன் விழுந்த பிறகு இறால் வடை சாப்பிடுங்கள். கொதிக்கும் எண்ணெயிலிருந்து உங்கள் கண் முன்னால் எடுத்ததை மட்டும் வாங்குங்கள், அடுக்கி வைத்திருப்பது ஆறிப்போய் இறாலும் இறுகியிருக்கும். அந்த மாதங்களில் கடலில் இறங்காதீர்கள். கல்கிசையிலும் அலை பெரிது, நீரோட்டம் இழுக்கும். குளிக்க வேண்டுமானால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை வாருங்கள், கடல் தட்டுப் போலக் கிடக்கும்.

சித்திரையும் தையும்

ஏப்ரல் 13, 14 ஆகிய நாட்களில் கொழும்பு வெறிச்சோடிப் போகும். ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். புறக்கோட்டை பூட்டு, சாப்பாட்டுக் கடைகள் பூட்டு. வெறும் காலி வீதியைப் பார்க்க ஆசை உள்ளவர்களுக்கு இது நல்ல காலம். தாமரைக் கோபுரத்திலிருந்து வத்தளை வரை நிம்மதியாகச் சுற்றலாம். ஆனால் அறையில் தங்கும் விருந்தினருக்கு மதியமும் இரவும் எங்கே சாப்பிடுவது என்பதை வீட்டுக்காரர் முன்கூட்டியே தீர்த்துவைக்க வேண்டும். காலைச் சாப்பாடு மட்டும் என்று கையை விரிப்பது அந்த இரண்டு மூன்று நாளுக்குச் சரியில்லை. அரிசி, பருப்பு, முட்டை, பால்மா, காஸ் எல்லாம் 11ஆம் திகதியே வீட்டில் இருக்கவேண்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்புக்குப் போகும் இரவு பஸ்களில் இருக்கை அதற்கும் வெகுமுன்பே முடிந்துவிடும்.

வருடம் பிறக்கும் நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணித பஞ்சாங்கத்தில் இன்னொன்று. ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் வித்தியாசம் வரும். விருந்தினர் எதைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்டு, வருடப் பிறப்பை ஒட்டிய விஷு புண்ணிய காலத்தைக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். முழுகுமுன் தலையில் வைக்கும் மூலிகை நீரான மருத்துநீர் கோயில்களில் கொடுப்பார்கள், மூடியுள்ள சிறு போத்தலோடு போனால் வசதி. வீட்டுப் பெரியவர் கையால் தலையில் வைத்து, பஞ்சாங்கம் சொல்லும் இலையைத் தலையிலும் காலடியிலும் இட்டு முழுகுவது முறை. குளியலறை ஒன்றுதான் என்றால் ஆறு பேர் ஒரே புண்ணிய காலத்துக்குள் முழுக முடியாது, வரிசையை முதல் நாளே பேசி வையுங்கள். பெரியவர்கள் காசு கொடுக்கும் கைவிசேஷத்துக்குப் புது நோட்டு வேண்டுமானால் வங்கி பூட்டுவதற்கு முன் மாற்றிவிட வேண்டும்.

தைப்பொங்கலுக்கு மாடி வீட்டில் முற்றம் கிடையாது. வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் பலர் வாகனத் தரிப்பிடத்தில் மூன்று கல் வைத்துப் பொங்குகிறார்கள், முகாமைக் குழுவிடம் ஒரு வாரத்துக்கு முன் அனுமதி கேட்டால் பிரச்சினை வராது. கொழும்பில் அந்த நாளில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.25க்கு. அரைக் கிலோ பச்சையரிசிக்கு 100 கிராம் வறுத்த பயறு, தண்ணீரும் தண்ணிப்பாலுமாக எட்டுக் கோப்பை, கட்டிப்பால் இரண்டு கோப்பை, சர்க்கரை 400 கிராம், முந்திரிகை வற்றல், கஜு, ஏலக்காய். பானையில் பொங்க இடம் விட்டு முக்கால்வாசிக்குச் சற்று மேல் நிரப்புங்கள். நிறைய நிரப்பினால் காஸ் அடுப்பில் வழியும் பால் நெருப்பை அணைத்துவிடும், காஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும், அதைக் கவனிக்கவே ஒருவர் நிற்கவேண்டும். பல்கனியில் அடுப்பை வைத்தால் கடற்காற்றில் பால் பொங்கவே பொங்காது, மூன்று பக்கமும் தகரம் மறைக்கவேண்டும். அரிசி முழுதாக வெந்து மசிந்த பிறகே சர்க்கரை. முன்னால் போட்டால் அரிசி விறைத்து நிற்கும், எவ்வளவு நேரம் எரித்தாலும் இளகாது.

பெப்ரவரி, ஜூன்

கங்காராமையின் நவம் பெரஹரா பெப்ரவரிப் போயாவை ஒட்டி இரவில் நடக்கும். 1979 இல் தொடங்கியது. யானைகள், கண்டிய நடனம், தீப்பந்தச் சுழற்சி எல்லாவற்றையும் கண்டிக்குப் போகாமலே பார்க்கலாம். மாலையிலேயே போய் வாவியைச் சுற்றிய வீதியோரம் இடம் பிடிக்க வேண்டும். பந்தம் ஏந்துபவர்களிடமிருந்து தீப்பொறி பறக்கும், நைலோன் உடுப்பு வேண்டாம். பகலில் விகாரையையும் தண்ணீருக்கு நடுவே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகத்தையும் பார்த்துவிடுங்கள். களனியின் துருத்துப் பெரஹரா இதற்கு ஒரு மாதம் முந்தியது. களனிக்கு விழா இல்லாத காலையிலும் போகலாம், சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய சுவரோவியங்களைக் கூட்டம் இல்லாத நேரத்தில்தான் நின்று பார்க்க முடியும்.

ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, நெற்றியில் திருநீறோடும் சனம் வரிசையில் நிற்கும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு பை சோதனை உண்டு, பெரிய பையை அறையிலேயே விட்டுப் போங்கள். செவ்வாய்க்கிழமைகளிலும் இங்கே கூட்டம்தான். கொச்சிக்கடைக்குப் போனவர்கள் அப்படியே கொட்டாஞ்சேனையை நடந்து பார்க்காமல் திரும்பக்கூடாது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில், 1757 இல் கட்டி முடித்த ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயம், குவிமாடத்தோடு நிற்கும் சாந்த லூசியா பேராலயம் எல்லாம் நடை தூரத்தில். பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குள் மின்விளக்கை விட எண்ணெய் விளக்கே அதிகம். வெயிலிலிருந்து உள்ளே போனால் கண் பழக ஒரு நிமிஷம் எடுக்கும், அந்த நிமிஷம் வாசற்படியில் நின்றுவிட்டுப் போங்கள், கல் படிகள் உயரம். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். நண்பகல் பூசை முடிந்தால் கதவு சாத்திவிடுவார்கள், ஆகவே காலை எட்டுக்குள் தொடங்குங்கள். சிவராத்திரி அன்று மட்டும் இரவு முழுக்கத் திறந்திருக்கும், நான்கு சாமப் பூசையும் நடக்கும்.

நோன்பு மாதம் வந்தால் மாலை நேரத்தில் கொம்பனித்தெருவிலும் மருதானையிலும் நோன்புக் கஞ்சி கிடைக்கும். பெருநாள் எந்த நாள் என்பது முதல் நாள் மாலை பிறை கண்ட பிறகுதான் கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிக்கப்படும், அதனால் அந்த இரண்டு நாளுக்கும் மாற்றுத் திட்டம் வையுங்கள். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் 1909 இல் முடிந்தது. தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள், வெள்ளி நண்பகல் வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் கடை பாதிதான் திறந்திருக்கும்.

விழா எதுவும் இல்லாத மழை நாளுக்கு நூதனசாலை. 1877 இல் திறந்த கட்டடம். கண்டி அரசரின் சிம்மாசனத்தை எல்லோரும் பார்ப்பார்கள். தமிழர்கள் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டியது காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே காலத்தது, 1409 என்று திகதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. கல் தேய்ந்திருக்கும், நேரே நின்று பார்த்தால் எழுத்துத் தெரியாது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் வெளிச்சம் சாய்ந்து விழுந்து வரிகள் எழும்பும்.

மாரி காலம்

ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியோடு மழை வரும். வெளியே பார்க்க வேண்டியதை எல்லாம் காலையிலேயே முடியுங்கள். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் வெள்ளவத்தைப் புடவைக் கடைகளில் நள்ளிரவு வரை சனம். ஆறுதலாகத் தெரிவு செய்ய விரும்பினால் காலை பத்து மணிக்குப் போங்கள். நவராத்திரி, மானம்பூ, சூரன்போர் எல்லாம் கோயிலுக்குக் கோயில் நேரம் மாறும், வாசலில் ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் பார்ப்பதே வழி. கார்த்திகை விளக்கீட்டு அன்று பின்னேரம் தெருவை நடந்து பாருங்கள், வாசல் வாசலாகச் சுட்டி விளக்கு எரியும். கோயில்களில் சொக்கப்பனை கொளுத்துவார்கள், தீப்பொறி பறக்காத பக்கமாக நில்லுங்கள். நத்தாருக்கு நள்ளிரவுப் பூசை, டிசம்பர் 31 இரவு காலி முகத்திடலில் வாணவேடிக்கை. அந்த இரவு திரும்பி வர வண்டி கிடைக்காது, பம்பலப்பிட்டிக்கு இப்பால் அறை எடுத்தவர்கள் மரைன் டிரைவால் நடக்கத் தயாராகப் போகவேண்டும்.

மார்கழியில் திருவாதிரையோடு முடியும் பத்து விடியலும் திருவெம்பாவைக் காலம். விடிவதற்கு வெகுமுன்பே கோயில் மணியும் சங்கும் ஒலிபெருக்கியும் தொடங்கிவிடும். கோயில் பக்கம் பார்த்த அறையை வீட்டுக்காரர் அந்தப் பத்து நாளும் சத்தம் இருக்கும் என்று சொல்லியே வாடகைக்குக் கொடுக்கவேண்டும். நித்திரை வேண்டியவருக்குப் பின்பக்க அறை, எழும்பி வருபவருக்கு முன்பக்க அறை. எழும்புகிறவர் நாலரைக்குக் குளித்துப் போனால் பாட்டும் பூசையும் முடிந்து ஆறு மணிக்குச் சூடான பிரசாதத்தோடு திரும்பி வருவார். அவருக்கு அன்று எட்டு மணிக் காலைச் சாப்பாடு சரிவராது. ஆறேகாலுக்கு இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் மேசையில் இருக்கவேண்டும், அதற்கு இடியப்ப மாவை முதல் நாள் இரவே வறுத்து அரித்து வைத்துவிடுங்கள்.